கொலைகாரராக வந்தவர், வக்கீலாக நின்றார்

கேள்வி: ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’ படத்தில் மனைவியைக் கொன்றவராக வரும் நடிகர் ரேமண்ட் பர் என்பவர்தான், ‘பெர்ரி மேசன்’ தொலைக்காட்சித் தொடரில் நிரபராதிகளுக்காக வாதாடும் வக்கீல் என்பதை அண்மையில்தான் அறிந்தேன். வில்லனாகவே நடித்தவருக்கு அந்த வேடம் எப்படிக் கிடைத்தது?

பதில்: கனடாவில் 1917இல் பிறந்த ரேமண்ட் பர், 1946இல் ஹாலிவுட் படங்களில் தலைகாட்டத் தொடங்கியபோது, அவருடைய பருத்த உடலும் கனத்த குரலும் அவரை நேராக வில்லன் வேடங்களுக்கே கொண்டுசேர்த்தன. 1948இல் வெளிவந்த ‘ரா டீல்’ படத்தில், தீப்பற்றி எரியும் உணவுத் தட்டை ஒரு பெண்ணின் மீது வீசுகிறார். அந்தக் கொடூரம் அவர்மீது முத்திரையாகவே பதிந்துவிட்டது.

ஆனால் 1954இல் வந்த ‘ரியர் விண்டோ’வை மீண்டும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள். படத்தின் பெரும்பகுதியில் அவர் முற்றத்துக்கு அப்பால், எதிர் வீட்டு ஜன்னலில் மட்டுமே தெரிகிறார். கத்தியையும் ரம்பத்தையும் செய்தித்தாளில் சுற்றும் கைகளைக் கொண்டே நாம் அவரை அறிகிறோம். இறுதியில், கால் முறிந்து சக்கர நாற்காலியில் இருக்கும் கதாநாயகனின் இருண்ட அறைக்குள் நுழைந்து, “என்னிடம் உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று அவர் கேட்கும்போது, அதில் மிரட்டலைவிடத் தவிப்பே மிகுதியாக ஒலிக்கிறது. கொலைகாரர்மீதும் ஒரு கணம் இரக்கம் பிறக்கச் செய்த அந்த நடிப்பை, படத்தின் புகழ்பெற்ற மற்ற காட்சிகளுக்கு நிகராகவே நான் மதிக்கிறேன்.

வக்கீல் வேடத்துக்கு வழிவகுத்தது வேறொரு படம். 1951இல் வந்த ‘எ பிளேஸ் இன் தி சன்’ படத்தில் அரசு வழக்கறிஞராக நடித்த அவர், நீதிமன்றத்துக்குள் கொண்டுவரப்பட்ட படகின் மீது துடுப்பை ஓங்கி அடித்து உடைப்பார். ‘பெர்ரி மேசன்’ தொடரின் தயாரிப்பாளர் கெய்ல் பேட்ரிக் ஜாக்சனின் மனத்தில் அந்த நடிப்பு நின்றிருந்தது. ஆயினும் பர் முதலில் சோதிக்கப்பட்டது, மேசனிடம் வாரந்தோறும் தோற்கும் அரசு வழக்கறிஞர் ஹாமில்டன் பர்கர் வேடத்துக்குத்தான். உடல் எடையைக் குறைத்துக்கொண்டு நாயகன் வேடத்துக்கான சோதனையிலும் அவர் நடித்தார். மேசனைப் படைத்த எழுத்தாளர் ஏர்ல் ஸ்டான்லி கார்ட்னருக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. 1957 முதல் 1966 வரை அத்தொடர் 271 பகுதிகளாக வெளிவந்தது; அந்நடிப்புக்காக அவர் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதை இருமுறை பெற்றார்.

அவர் தம்மை மாற்றிக்கொண்டார் என்று சொல்வதைவிட, அவரைப் பார்க்கும் தொலைவு மாறியது என்பதே என் கருத்து. சினிமாத் திரையில் அச்சமூட்டிய அதே நிதானமும் அசையாத பார்வையும், வாரந்தோறும் வீட்டுக் கூடத்தில் அருகிருந்து பார்த்தவர்களுக்கு, நம்பிப் பற்றிக்கொள்ளத் தக்க உறுதியாகத் தோன்றின.

கேள்வி: அத்தொடருக்குப் பின்னரும் அவருக்கு வெற்றி கிட்டியதா?

பதில்: கிட்டியது. 1967 முதல் 1975 வரை ‘அயர்ன்சைட்’ தொடரில், துப்பாக்கிக் குண்டால் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியிலிருந்தே குற்றங்களைத் துப்பறியும் சான் ஃபிரான்சிஸ்கோ காவல் அதிகாரியாக நடித்தார். 1985இல் மீண்டும் மேசனாகி, செயலாளர் டெல்லா ஸ்ட்ரீட்டாக முன்பு நடித்த பார்பரா ஹேலுடனேயே தொலைக்காட்சிப் படங்களில் தொடர்ந்து நடித்தார். 1993 செப்டம்பரில் அவர் காலமானார். மேசனாக அவர் நடித்து முடித்திருந்த கடைசிப் படம் அதன் பிறகே ஒளிபரப்பாயிற்று.