கூண்டுகளைக் கூட்டுவதற்கு முன் நாட்களைக் குறையுங்கள்

கேள்வி: உள்ளாட்சி நிர்வாகம் நடத்தும் பொது விலங்குக் காப்பகம் ஒன்றின் பொறுப்பாளராக இருக்கிறேன். 60 நாய்களை வைத்துப் பராமரிக்கத்தான் எங்களிடம் வசதி உண்டு. இப்போது 100 நாய்கள் இருக்கின்றன. ஒரே கூண்டில் இரண்டு மூன்று நாய்களை அடைக்க வேண்டியிருக்கிறது. இருமலும் கழிச்சலும் ஓய்ந்தபாடில்லை. கூடுதல் கட்டடம் கேட்டிருக்கிறோம். அது வரும்வரை புதிய விலங்குகளைச் சேர்ப்பதை நிறுத்திவிடலாமா? வேறு வழி உண்டா?

பதில்: கட்டடக் கோரிக்கை அதன் போக்கில் நடக்கட்டும், ஆனால் அதை நம்பி மற்ற எதையும் ஒத்திப்போடாதீர்கள். ஒரு காப்பகத்தில் எத்தனை விலங்குகள் இருக்கும் என்பதை இரண்டு எண்கள் முடிவு செய்கின்றன. ஒன்று, நாளொன்றுக்குச் சராசரியாக எத்தனை விலங்குகள் வருகின்றன என்பது. மற்றொன்று, ஒவ்வொன்றும் சராசரியாக எத்தனை நாள் தங்குகிறது என்பது. நாளுக்கு 4 நாய்கள் வந்து ஒவ்வொன்றும் 25 நாள் தங்கினால், எந்நேரமும் 100 நாய்கள் இருக்கும். தங்கும் காலம் 15 நாளாகக் குறைந்தால், அதே 4 நாய்கள் நாள்தோறும் வந்துகொண்டிருந்தாலும் இருப்பு 60ஐத் தாண்டாது. இந்தக் கணக்கு மாறாமல் கூண்டுகளை மட்டும் கூட்டினால், வேலை பெருகி, ஒவ்வொரு விலங்கின் முறையும் பிந்தி, தங்கும் நாட்கள் மேலும் நீண்டு, புதிய கட்டடமும் நிரம்பிவிடும்.

எனவே முதல் வேலையாகக் கடந்த மூன்று மாதப் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு நாயும் வந்த தேதி, வெளியேறிய தேதி, எவ்வழியில் வெளியேறியது ஆகியவற்றை எழுதிப் பாருங்கள். மொத்தச் சராசரி பலவற்றை மறைத்துவிடும். குட்டிகள், வளர்ந்த நாய்கள், உரிமையாளர் தேடிவரக்கூடியவை, கடித்ததற்காகக் கண்காணிப்பில் இருப்பவை, வழக்கின் பொருட்டு வைத்திருப்பவை என்று பிரித்துக் கணக்கிட்டால்தான், நாட்கள் எங்கே தேங்கி நிற்கின்றன என்பது தெரியவரும்.

அடுத்தது, நான் மிகவும் வலியுறுத்துவது, அன்றாடச் சுற்று. மருத்துவரும் பராமரிப்பாளரும் தத்துக் கொடுக்கும் பொறுப்பில் இருப்பவரும் தினமும் காலையில் ஒன்றாக நடந்து, ஒவ்வொரு கூண்டின் முன்னும் நின்று, ‘இந்த நாய் இன்று எதற்காகக் காத்திருக்கிறது?’ என்று கேட்க வேண்டும். பதில்கள் பெரும்பாலும் எளியவையாக இருக்கும். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய காலம் முந்தாநாளே முடிந்திருக்கும். அட்டையில் எவரும் குறித்திருக்க மாட்டார்கள். கருத்தடை வாரத்தில் ஒரு நாள்தான் நடக்கும் இடத்தில், அந்நாளில் லேசாக இருமிய நாய் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, இருமல் நின்ற பிறகும் திரும்பச் சேர்க்கப்படாமல் இரண்டு வாரம் கிடக்கும். தத்துக்குத் தயாரான நாயின் புகைப்படம் எடுக்கப்படாமலேயே இருக்கும். இப்படி ஒவ்வொரு நாயிடமும் இரண்டு மூன்று நாட்கள் மீண்டாலே கூண்டுகள் காலியாகத் தொடங்கும். அடுத்த வேலை என்ன, அதைச் செய்பவர் யார், எந்தத் தேதிக்குள் என்பதைக் கூண்டின் அட்டையிலேயே எழுதிவிட்டு நகருங்கள்.

இதோடு சேர்ந்த ஒரு முடிவு பலருக்கு முதலில் நியாயமற்றதாகத் தோன்றும். விரைவில் வீடு கிடைக்கக்கூடிய நலமான குட்டிகளையும் சாதுவான இளம் நாய்களையும் பரிசோதனை, கருத்தடை, தத்து அனைத்திலும் முன்னே விடுங்கள். இரண்டே நாளில் வீடு கிடைக்கக்கூடிய குட்டி அறுவைக்காக ஒரு வாரம் காத்திருந்தால், அந்தக் கூண்டு ஒரு வாரம் வீணாகிறது. அதற்குள் அக்குட்டிக்கு நோயும் தொற்றலாம். மிரண்ட, வயதான நாய்க்கு ஏற்ற குடும்பம் அமைய எப்படியும் காலம் பிடிக்கும். அதை முதல் நாளிலிருந்தே மக்கள் பார்க்கும்படி வைத்து, ஆள் கிடைத்ததும் அறுவையை முடித்துக்கொள்ளலாம். குட்டிகள் விரைந்து வெளியேறுவதால் மிஞ்சும் நேரம்தான், பழகுவதற்கு நாளெடுக்கும் நாய்க்குக் கிடைக்கும் நேரம்.

நேரத்தைக் குறிப்பிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கூண்டைத் துப்புரவு செய்வதற்கும் உணவளிப்பதற்கும் மட்டும் ஒரு விலங்குக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 நிமிடம் தேவை என்பது இத்துறையில் ஏற்கப்பட்ட அளவுகோல். 60 நாய்களுக்கு அது 15 மணி நேர உழைப்பு. 100 நாய்களுக்கு 25 மணி நேரம். மருந்து கொடுப்பதும் நடைக்கு அழைத்துச் செல்வதும் இதில் சேரா. பணியாளர்கள் களைத்துப்போவதில் வியப்பில்லை. அமெரிக்கக் காப்பகக் கால்நடை மருத்துவர்கள் சங்கம் 2010இல் வெளியிட்டு 2022இல் திருத்திய நெறிமுறைகள், பராமரிக்கும் திறனுக்கு மேல் விலங்குகளை வைத்திருப்பதை ஏற்கத்தகாதது என்றே சொல்கின்றன. திறன் என்பதில் கூண்டுகளோடு ஆட்களும் மருத்துவ வசதியும் அடங்கும்.

நோயும் நாட்களைத் தின்னும். இருமும் நாய் குணமாகும்வரை அறுவைக்கும் போகாது, தத்துக்கும் போகாது. தடுப்பூசியை மறுநாள் போடலாம் என்று விடாமல், வாசலிலேயே, உள்ளே கொண்டுசெல்லும் முன்பே போட்டுவிடுங்கள். குட்டிகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோ வைரஸ் சோப்புக்கும் வழக்கமான கிருமிநாசினிகள் பலவற்றுக்கும் அசையாமல் மாதக்கணக்கில் தரையிலேயே இருக்கும். மலத்தை முற்றிலும் நீக்கிக் கழுவிய பிறகு, சரியான அளவில் கலந்த பிளீச்சிங் கரைசலைச் சில நிமிடம் ஊறவிட்டால்தான் அது அழியும். நாயை உள்ளே வைத்துக்கொண்டே குழாய் நீரைப் பீய்ச்சுவதை உடனே நிறுத்துங்கள். நனைந்து நடுங்கும் நாய் எளிதில் நோயுறும். கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கப்பட்டால், எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, நடுவில் தள்ளுகதவு வைத்த இரட்டைக் கூண்டுகளாகக் கட்டுங்கள். நாய் ஒரு பக்கம் இருக்க, மறுபக்கத்தைச் சுத்தம் செய்யலாம்.

வெளியே அனுப்பும் வழிகளில் முதலாவது, சொந்த வீட்டுக்கே திருப்பி அனுப்புவது. தோலுக்கடியில் பொருத்தப்படும் அடையாளச் சில்லைப் படிக்கும் மைக்ரோசிப் ஸ்கேனரைக் கழுத்தின் மேற்புறத்தில் மட்டும் காட்டிவிட்டு ‘இல்லை’ என்று எழுதிவிடக் கூடாது. சிப் நகர்ந்து தோள்பட்டைக்கோ நெஞ்சுப் பகுதிக்கோ போயிருக்கலாம். உடல் முழுவதும் மெதுவாகத் தேய்த்துப் பார்த்து, வேறொரு நாளில் மீண்டும் பாருங்கள். பிடிக்கப் போகும் வண்டியிலேயே ஒரு ஸ்கேனர் இருந்தால், சில நாய்கள் காப்பகத்தை மிதிக்காமலே வீடு சேரும். தத்து விஷயத்தில், நீண்ட படிவங்களும் வீட்டுச் சோதனையும் நல்ல குடும்பங்களையும் விரட்டிவிடுகின்றன. உட்கார்ந்து பேசுவதே போதும் என்பது என் கருத்து. கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால் பொறுப்பற்றவர்கள் வருவார்கள் என்ற அச்சம் பரவலாக உண்டு. கட்டணத்துடனும் கட்டணமின்றியும் தத்தெடுத்த பூனைகளின் விஷயத்தில் இதை ஆராய்ந்தபோது, வளர்ப்பவர்களின் பாசத்தில் வேறுபாடு காணப்படவில்லை. பால்குடிக் குட்டிகளைத் தற்காலிகமாக வளர்க்க முன்வரும் வீடுகளில் விடுங்கள். தடுப்பாற்றல் முழுமையடையாத அவற்றுக்குக் காப்பகமே ஆபத்தான இடம். வளர்ந்த பெரிய நாய்களையும் அப்படி அனுப்பலாம். தீராத வேதனையில் இருக்கும் விலங்கைப் பற்றிய முடிவை மட்டும் மருத்துவரோடு பேசி உரிய நேரத்தில் எடுங்கள். அதைத் தள்ளிப்போடுவது அந்த விலங்குக்கு இழைக்கும் துன்பம்.

இனி, சேர்ப்பதை நிறுத்தலாமா என்ற கேள்வி. கதவை அடைத்தால் இரவில் வாசலில் கட்டிப்போட்டுவிட்டுப் போவார்கள், அல்லது சாலையில் விடுவார்கள், ஆகவே வேண்டாம். அடிபட்டவை, கொடுமைக்கு உள்ளானவை, மனிதர்களுக்கு ஆபத்தானவை ஆகியவற்றை எந்நேரமும் வாங்கிக்கொள்ள வேண்டும். வளர்க்க முடியவில்லை என்று நலமான நாயைக் கொண்டுவருபவர்களுக்கு மட்டும் ஒரு தேதி கொடுத்து, அதுவரை வைத்திருக்கச் சொல்லுங்கள். வட அமெரிக்கக் காப்பகங்களுக்காகக் கால்நடை மருத்துவர்கள் கேட் ஹர்லியும் ஜூலி லெவியும் 2014இல் தொடங்கிய பத்து லட்சம் பூனைகளைக் காக்கும் இயக்கம், இந்த முன்பதிவு முறையையும் தன் வழிகளில் ஒன்றாகக் கொண்டது. தேதி கொடுக்கும்போதே காரணத்தையும் கேளுங்கள். சிகிச்சைச் செலவா, குரைப்பா, வீடு மாற்றமா என்று தெரிந்தால், சில குடும்பங்களுக்கு மருந்தோ பயிற்சியோ சில வாரத் தீவனமோ போதும். அந்த நாய் அங்கேயே இருந்துவிடும். மற்றவர்கள் வரும் நாளில் தடுப்பூசிக் குறிப்பையும் நாயின் பழக்கவழக்கங்களை எழுதிய தாளையும் ஒரு நல்ல புகைப்படத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள்; தத்துக்கான அறிவிப்பை அன்றே வெளியிட்டுவிடலாம்.