முறிந்த வீல் ஸ்டட்டை வீட்டிலேயே மாற்றலாமா?

டயர் கடையில் நட்டை இறுக்கும்போது தம் மைவி காரின் முன் சக்கரத்தில் ஒரு ஸ்டட் (சக்கர நட்டு ஏறும் புரித் தண்டு) முறிந்துவிட்டதாகவும், தீபாவளிக்கு ஈப்போ போவதற்குள் தாமே அதை மாற்ற முடியுமா என்றும் கோலாலம்பூர், செந்தூல் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முடியும். மீதி மூன்று ஸ்டட்டுகளை நம்பி மட்டும் கிளம்பிவிடாதீர்கள். ஈப்போ 200 கிலோமீட்டர். முறிந்ததன் பாரமும் அந்த மூன்றின் மீதுதான் ஏறும். நட்டு இறுக்கும் அதே இயந்திரக் கன் கொண்டு இறுக்கியவை என்பதால், அவற்றின் புரிகளையும் உற்றுப் பாருங்கள். இன்னொன்று கெட்டிருந்தாலும் நான்கையுமே மாற்றிவிடுவது நல்லது.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்தி, பிறகு ஜாக் போட்டு ஸ்டாண்டின் மேல் இறக்குங்கள். வெயிலில் இளகிய தார் என்றால் ஸ்டாண்ட் புதையும். அடியில் தடித்த பலகை வேண்டும். காலிப்பரை (பிரேக் பேடுகளைப் பிடித்திருக்கும் பாகம்) கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. பிரேக் டிஸ்க்கை எடுத்த பிறகு, பின்பக்கம் இடைவெளி தெரியும் இடத்துக்கு ஹப்பை (ஸ்டட்டுகள் பதிந்திருக்கும், சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) திருப்பிப் பழைய ஸ்டட்டை வெளியே தள்ளுங்கள். இதற்குப் பால் ஜாயிண்ட் பிரஸ் (திருகி அழுத்தித் தள்ளும் கருவி) இருந்தால் நல்லது. சுத்தியலால் ஓங்கி அடித்தால் பேரிங் அடிபடும். இடைவெளி போதவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி வொர்க்‌ஷாப்பிடம் விடுங்கள்.

கழற்றியதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். மைவியின் ஸ்டட் புரியின் விட்டம் 12 மில்லிமீட்டர், ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையே 1.5 மில்லிமீட்டர். ஆனால் புரி ஒத்தால் மட்டும் போதாது. தலைக்குக் கீழே பல் பல்லாக இருக்கும் பகுதியின் விட்டமும் ஒத்திருக்க வேண்டும். நட்டையும் புதிதாக வாங்குங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. புது ஸ்டட்டின் பற்களை ஹப் துளையின் பழைய தடங்களோடு பொருத்தி, முன்பக்கம் நான்கைந்து தடித்த வாஷர்களைப் போடுங்கள். வாஷர்களுக்கு இடையே கொஞ்சம் கிரீஸ். இருபுறமும் திறந்த பழைய நட்டு ஒன்றின் தட்டையான பக்கம் வாஷரில் படும்படி போட்டு, கை ஸ்பேனரால் மெதுவாக இழுங்கள். ஸ்டட்டின் தலை ஹப்பின் முதுகில் இடைவெளியே இல்லாமல் ஒட்ட வேண்டும். டார்ச் அடித்துப் பாருங்கள். பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். பாதி உட்கார்ந்த ஸ்டட்டிலும் நட்டு இறுகியதுபோலவே தெரியும். ஓட ஓடத் தலை உள்ளே நகரும், நட்டு தளர்ந்துவிடும். இழுக்கும்போது ஸ்டட் சுற்றினால் துளை தேய்ந்துவிட்டது என்று பொருள். ஹப்பையே மாற்ற வேண்டும். வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள், அந்தச் சூட்டில் ஸ்டட்டின் பலமே போய்விடும்.

அப்புறம் டிஸ்க்கையும் காலிப்பரையும் பொருத்தி, காலிப்பர் போல்ட்டுகளைக் கையேட்டின் அளவுக்கு இறுக்குங்கள். சக்கரத்தை மாட்டி, நட்டின் கூம்புப் பக்கம் ரிம்மில் படும்படி கையால் திருகுங்கள். காரை இறக்கியபின் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கொண்டு எதிரெதிராக இறுக்குங்கள். 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும்; உங்கள் கார் கையேட்டில் உள்ள எண்ணையே வையுங்கள். புரியில் எண்ணெய் தடவ வேண்டாம், அதே அளவிலும் கூடுதலாக இறுகிவிடும். புறப்படும் முன் பிரேக்கைச் சில தடவை மிதித்துப் பாருங்கள்.

ஈப்போ பயணத்துக்கு முன் பக்கத்தில் இருக்கும் ரவாங் வரை ஒருமுறை போய்வாருங்கள். சக்கரம் ஆறியதும் அதே டார்க்கில் மறுபடி சோதியுங்கள். புது ஸ்டட்டின் நட்டு மட்டும் கணிசமாகத் திரும்பினால், சக்கரத்தைக் கழற்றித் தலை முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.