'வயசானா அப்படித்தான்'னு சொன்னாங்களா?

இந்த மாசம் வந்த கேள்வியில பாதிக்கு மேல நர்சிங் ஹோம் பத்திதான். பெத்தவங்கள முழுநேரமும் பாத்துக்கற இடத்துல சேத்துட்டு, அங்க என்னமோ சரியில்ல, வயித்துல புளியக் கரைக்குதுன்னு எழுதுனவங்க எல்லாரும் கடைசியா கேட்டது ஒண்ணுதான், கேஸ் போடலாமா? ஆறு கேள்விய எடுத்துருக்கேன், எழுதுனவங்க பேர எடுத்தாச்சு. ஆளுக்கொரு நாட்டுல இருக்கீங்க, அதனால சட்டம் எங்க மாறுதோ அங்க மட்டும் நாட்டு பேர சொல்லிடறேன்.

மேடம், அம்மாவுக்கு 78 வயசு. ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் வராது, ஏழு மாசமா நர்சிங் ஹோம்ல இருக்காங்க. போன வாரம் போனப்ப ஒரு மாதிரி வாடை, போர்வைய விலக்கிப் பாத்தா இடுப்புக்குக் கீழ எலும்பு தெரியற அளவுக்குப் புண்ணு. கேட்டா "வயசானா வரும்மா, மருந்து போட்டுட்டுதான இருக்கோம்"ங்கறாங்க. கேஸ் நிக்குமா?

நிக்க நல்ல வாய்ப்பு இருக்கு, ஆனா கேஸ் இருக்கட்டும், இத படிக்கறப்பவும் அம்மா அங்கதான் இருக்காங்கன்னா இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க. எலும்பு தெரியுதுன்னா அது படுக்கைப்புண்ணோட நாலாவது ஸ்டேஜ், இன்ஃபெக்‌ஷன் எலும்புக்கும் ரத்தத்துக்கும் போனா உயிருக்கே ஆபத்து. இதுல இன்னொரு விஷயமும் இருக்கு, வெளி டாக்டர் புண்ண அளந்து நீளம் அகலம் ஆழம்னு எழுதுற நோட்டு இருக்கே, அதுல நர்சிங் ஹோம் ஆளுங்க யாரும் கை வைக்க முடியாது. உங்க முதல் சாட்சி அதுதான்.

"வயசானா வரும்"ங்கறது பாதி பொய். வயசுல தோல் மெலிசாகும், அது வாஸ்தவம், ஆனா புண்ணு வர்றது அழுத்தத்தால. ஒரே பக்கமா படுத்துக் கெடந்தா எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவுல தோல் நசுங்கி, ரத்தம் போகாம சதை செத்துப்போகுது, இது சில மணி நேரத்துலயே ஆரம்பிச்சிடலாம். அதனாலதான் தானா புரள முடியாதவங்கள பொதுவா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் படுக்க வைக்கறது. முதல் ஸ்டேஜ்ல தோல் கிழிஞ்சே இருக்காது, செவந்திருக்கும், வெரலால அழுத்துனா வெளுக்காது, நம்ம மாதிரி கருத்த தோல்ல செவப்பு கண்ணுக்குத் தெரியாமக்கூட போகும், தொட்டா சூடாவோ கெட்டியாவோ இருக்கும். அங்கேருந்து எலும்பு வரைக்கும் போறதுக்குள்ள எத்தன தடவ டயபர் மாத்தியிருப்பாங்க, எத்தன தடவ ஒடம்பு தொடச்சிருப்பாங்க, அத்தன பேர் கண்ணுலயும் படலன்னா இல்ல பட்டும் யாரும் எதுவும் செய்யலன்னா, அதுதான் உங்க கேஸ்.

எதிர் பக்கம் என்ன சொல்லுவாங்கன்னும் தெரிஞ்சுக்கங்க. சாகற தருவாயில ஒடம்பு மொத்தமா அடங்கறப்ப என்ன பாத்தாலும் சில புண்ண தடுக்க முடியாது, டாக்டருங்களே ஒத்துக்கற விஷயம். இவங்களும் அந்த வகைதான்னு சொல்லிப் பாப்பாங்க. அப்ப சண்ட புண்ணப் பத்தி இருக்காது, செய்ய வேண்டியத செஞ்சாங்களாங்கறதப் பத்திதான் இருக்கும், அது தெரியறது ரெக்கார்ட்ஸ்லதான்.

நான் பாத்த ஒரு கேஸ்ல அந்தம்மாவ திருப்பிப் போட்ட சார்ட்ட வாங்கிப் பாத்தோம். ரெண்டு மணிக்கு ஒரு டிக்கு, நாலு மணிக்கு ஒரு டிக்கு, அவ்ளோ அழகு, மூணு நாளும் மூணு ஷிஃப்டும் ஒரே பேனா, ஒரே சாய்வு. எல்லாத்துக்கும் மேல, ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு 'இடது பக்கம் திருப்பப்பட்டார்'னு இருக்கு, ஆனா அந்த நாலு மணிக்கு அந்தம்மா வெளிய ஒரு ஸ்கேன் சென்டர்ல இருந்தாங்க, பில்லு மக கைப்பையில இருந்துச்சு! அதுக்கப்புறம் நர்சிங் ஹோம் வக்கீல் பேசுன தொனியே வேற.

அதனால கத்தறதுக்கு முன்னாடி காயிதத்த வாங்குங்க. நர்ஸிங் நோட்ஸ், திருப்பிப் போட்ட சார்ட், கேர் பிளான் (எப்படி பாத்துக்கணும்னு எழுதி வச்ச திட்டம்), எடை போட்ட கணக்கு, மருந்து குடுத்த ஷீட் எல்லாத்தையும் பேர் சொல்லி, எழுத்துல, ஈமெயில்ல கேளுங்க. அமெரிக்கால அரசாங்க காப்பீட்டுப் பணம் வாங்குற நர்சிங் ஹோம்னா, அங்க இருக்கறவங்களோ அவங்க சட்டப்படியான பிரதிநிதியோ கேட்டா லீவு நாள் போக 24 மணி நேரத்துக்குள்ள காட்டணும், காப்பி கேட்டா ரெண்டு வேலை நாள்ல தரணும். பல பேருக்கு இது தெரியாது, மாசக் கணக்குல இழுத்தடிக்கறாங்க. புண்ண போட்டோ எடுக்கறப்ப பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு எடுங்க, மூஞ்சி தெரியாம எடுங்க, அம்மாவுக்கு வெவரம் தெரிஞ்சா அவங்ககிட்ட கேட்டுட்டு எடுங்க. அப்புறம் ஒரு நோட்டு போடுங்க, நீங்க போன நாள், நேரம், யார்கிட்ட கேட்டீங்க, என்ன வார்த்தைல பதில் சொன்னாங்க. அன்னன்னிக்கே எழுதணும், ஒரு மாசம் கழிச்சு ஞாபகத்துல எழுதுனத கோர்ட்ல நார் நாரா கிழிச்சிடுவாங்க.

இதோடயே லைசென்ஸ் குடுத்த அரசு துறைக்கு ஒரு புகார் போடுங்க, அது கேஸ் கெடையாது, காசு கெடைக்காது, ஆனா இன்ஸ்பெக்டர் வந்து எழுதுற ரிப்போர்ட் பின்னாடி உங்களுக்கு ஆயுதம். இங்கிலாந்துல ஹோம் மேல எழுத்துல புகார் குடுக்கறதோட இந்த மாதிரி ஹோம கண்காணிக்கற கேர் குவாலிட்டி கமிஷனுக்கும் தெரியப்படுத்தலாம், ஆஸ்திரேலியால 2019-லேருந்து முதியோர் பராமரிப்புக்குன்னே தனி ஆணையம் இருக்கு. அமெரிக்கால மாநில சுகாதாரத் துறை, அதோட ஒவ்வொரு மாநிலத்துலயும் நர்சிங் ஹோம்ல இருக்கறவங்களுக்காகவே ஆம்பட்ஸ்மேன்னு, புகார கேட்டு அவங்க பக்கம் பேசற ஒருத்தர் இருப்பார், பைசா வாங்க மாட்டார். பழைய இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டும் அரசு வெப்சைட்ல கெடைக்கும், அந்த ஹோம்ல இதே மாதிரி முன்னாடி எழுதியிருக்காங்களான்னு பாருங்க, இருந்தா உங்க வக்கீல் சந்தோஷப்படுவார்.

அப்பாவுக்கு மறதி நோய். "ராத்திரி வர்றவன் அடிக்கறான்"னு சொல்றார். ஆனா அதே வாயால செத்துப்போன எங்க தாத்தா வந்து பேசிட்டுப் போனார்னும் சொல்றார். எதத்தான் நம்பறது?

தாத்தா வந்தார்னு சொல்றதால அடி வாங்கலன்னு ஆயிடாது. இந்த மாதிரி ஆளா பாத்துதான் கை வைக்கறாங்க, சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு தெரியுமா, இந்த மாதிரி இடங்கள்ல வேலை செய்யறவங்கள்ல மூணுல ரெண்டு பேர், கடந்த ஒரு வருஷத்துல ஏதோ ஒரு விதத்துல கொடுமை பண்ணுனத அவங்களே ஒத்துக்கிட்டிருக்காங்க. அதுல திட்டறது, கவனிக்காம விடறது எல்லாம் சேந்துதான், இருந்தாலும் சின்ன கணக்கா அது?

அப்பாகிட்ட "அவன்தான அடிச்சான்?"னு கேக்காதீங்க, நீங்க வாயில போட்ட வார்த்தைய அவர் திருப்பிச் சொல்லுவார், கேஸ் போச்சு. "ராத்திரி என்னப்பா நடக்குது?"னு மட்டும் கேட்டுட்டு சும்மா இருங்க, சொன்னத அப்படியே அவர் வார்த்தைலயே எழுதுங்க. ஒடம்பப் பாருங்க. கீழ விழுந்தா முட்டி, நெத்தி, இடுப்புல அடிபடும், மேல்கையோட உள்பக்கம் வெரல் வெரலா கன்னிப்போயிருந்தா அது யாரோ புடிச்ச புடியா இருக்கலாம். ஒரு குறிப்பிட்ட ஆள் உள்ள வந்தா ஒடம்பு குறுகுதா, கைய தூக்கி மூஞ்ச மறைக்கறாரா, இத ரெண்டு மூணு தடவ வெவ்வேற நேரத்துல போய்ப் பாருங்க.

அடிச்சிருக்காங்கன்னு நம்பும்படியா இருந்தா நேரா போலீஸ். நஷ்டஈடு கேஸ் தனி, இது குற்றம், மேனேஜர் "உள்ளுக்குள்ள விசாரிக்கறோம்"னு சொல்றத கேட்டுட்டு உக்காந்திருக்காதீங்க. அமெரிக்கால இந்த மாதிரி புகார் காதுல விழுந்தா ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஹோம்காரங்களே அரசுக்கு சொல்லணும்னு விதி, சொன்னாங்களான்னு கேளுங்க. கேமரா வைக்கலாமான்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க, டெக்சாஸ், இல்லினாய்ஸ் மாதிரி மாநிலத்துல சட்டமே அனுமதிக்குது, ஆனா ரூம்ல கூட இருக்கறவர் சம்மதம் வேணும். உங்க ஊர் சட்டம் தெரியாம ஒளிச்சு வச்சா நீங்களே குற்றவாளியாயிடலாம், முதல்ல வக்கீல்கிட்ட கேளுங்க.

எப்ப போனாலும் அப்பா தூங்கிட்டே இருக்கார். முன்னாடி பேப்பர் படிப்பார், வம்பு பேசுவார். புது மாத்திரை போட்டிருக்கோம், இப்ப அமைதியா இருக்கார்னு சொல்றாங்க.

யாருக்கு அமைதி? மருந்து ஷீட்ட கேட்டு வாங்கி, மாத்திரை பேர், எப்ப ஆரம்பிச்சாங்க, எதுக்குன்னு என்ன எழுதியிருக்காங்கன்னு பாருங்க. மனநோய்க்குக் குடுக்கற சில மாத்திரைய, மறதி நோய் வந்த வயசானவங்களுக்கு 'அடங்கி இருக்கட்டும்'னு குடுக்கற பழக்கம் ரொம்ப நாளா இருக்கு. இந்த மாத்திரையால அவங்க சாகற வாய்ப்பு கூடுதுன்னு அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு நிறுவனம் 2005-லயே கறுப்பு கட்டம் கட்டி எச்சரிக்க வச்சுது, 2008-ல அந்த வகை மாத்திரை எல்லாத்துக்கும் வச்சுது. அந்த நாட்டுல 1987 சட்டப்படி, ஸ்டாஃப் வசதிக்காக ஒருத்தர மருந்தால கட்டிப்போடக் கூடாது, கயித்தால கட்டறதுக்கு என்ன விதியோ அதேதான் இதுக்கும். உங்ககிட்டயோ அப்பாகிட்டயோ சம்மதம் கேட்டாங்களா? கேக்கலன்னா, ஏன் கேக்கலன்னு எழுத்துல கேளுங்க. ஆனா மாத்திரைய நீங்களா நிறுத்தச் சொல்லாதீங்க, டக்குனு நிறுத்துனா வேற வம்பு, வெளி டாக்டர் ஒருத்தர் பாக்கட்டும். அப்படியே எடையும் பாருங்க, தூங்கற மனுஷன் சாப்ட மாட்டார். ஒரு மாசத்துல அஞ்சு சதவீதம் கொறஞ்சிருந்தா அது சும்மா விடற விஷயம் இல்ல.

சேக்கறப்ப முப்பது பக்கம் குடுத்து கையெழுத்து கேட்டாங்க, அவசரத்துல போட்டுட்டேன். இப்ப பாத்தா 'தகராறு வந்தா கோர்ட்டுக்குப் போக மாட்டேன், மத்தியஸ்தர்கிட்டதான் வருவேன்'னு இருக்கு. அவ்ளோதானா?

ஆம்புலன்ஸ் வாசல்ல நிக்கறப்ப முப்பது பக்கத்த யார் படிப்பா? எல்லாரும் போடறதுதான். அவ்ளோதான்னு விட்றாதீங்க. முதல் கேள்வி, அம்மாவுக்காக கையெழுத்து போட உங்களுக்கு அதிகாரம் இருந்துச்சா? பவர் ஆஃப் அட்டர்னி இல்லாம வெறும் மகன்ங்கற மொறைல போட்டிருந்தா அது அவங்கள கட்டுப்படுத்தாதுன்னு வாதாட இடம் இருக்கு. அமெரிக்காவா இருந்தா இன்னொண்ணு, 2019 விதிப்படி இதுல கையெழுத்து போட்டாதான் சேத்துக்குவோம்னு சொல்லக் கூடாது, போட்டாலும் 30 நாளைக்குள்ள வாபஸ் வாங்கலாம். நீங்க எப்ப போட்டீங்கன்னு எழுதல. நாள எண்ணிப் பாருங்க, இன்னும் 30 ஆகலன்னா இந்த புத்தகத்த கீழ வச்சுட்டு மெயில் அனுப்புங்க.

வக்கீல் ஃபீஸுக்கு எங்க போறது? அம்மா போய் ஒன்றரை வருஷம் ஆச்சு, இனிமே முடியுமா?

அமெரிக்கால இந்த மாதிரி கேஸ எடுக்கற வக்கீல்ங்க பெரும்பாலும் முன்பணம் வாங்க மாட்டாங்க, ஜெயிச்சா வர்ற தொகைல ஒரு பங்கு எடுத்துக்குவாங்க. பங்கு எவ்ளோ, எக்ஸ்பர்ட் டாக்டர் செலவு யார் தலைல, தோத்தா என்ன ஆகும், இந்த மூணையும் ஒப்பந்தத்துல எழுதி வாங்குங்க. இந்தியால அப்படி பங்கு பேசறது பார் கவுன்சில் விதிப்படியே தப்பு, பேசறவர்கிட்ட போகாதீங்க. ஆனா அங்க சட்ட உதவி ஆணையத்துல பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு.

பல எடத்துல ஒன்றரை வருஷம்ங்கறது இன்னும் தாமதமாகல, ஆனா நெருங்குது. இங்கிலாந்துல பொதுவா மூணு வருஷம், இந்தியால நுகர்வோர் ஆணையத்துக்குப் போறதுன்னா ரெண்டு வருஷம், அமெரிக்கால மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சில எடத்துல ஒரு வருஷம்தான். இந்த வாரமே ஒரு வக்கீலப் பாருங்க, இறப்பு சான்றிதழ்ல காரணம்னு என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டு அதையும் எடுத்துட்டுப் போங்க.

எங்க அம்மா தெளிவா இருக்காங்க. கீழ போட்டு ஒரு தடவ இடுப்பே ஒடஞ்சுது, ஆனா "கேஸெல்லாம் வேண்டாம்டி, அப்புறம் இவங்க எம்மேல காட்டுவாங்க"ங்கறாங்க. நானும் அண்ணனும் போடலாம்னு இருக்கோம்.

அவங்களுக்குத் தெளிவு இருக்கறப்ப அது அவங்க கேஸ்மா, உங்களோடதோ அண்ணனோடதோ இல்ல. இடுப்பு அவங்களுது, வர்ற நஷ்டஈடும் அவங்களுதுதான், அண்ணன்கிட்ட இத இப்பவே சொல்லி வைங்க, இதுல வர்ற சண்டைய நான் நெறைய பாத்துட்டேன். பயம் நியாயமான பயம், புகார் குடுத்தவங்கள பழிவாங்கறது பல நாட்டுல சட்டப்படி குத்தம்தான், ஆனா ராத்திரி பெல் அடிச்சா வர்றதுக்கு பத்து நிமிஷம் லேட் பண்றத எந்த சட்டம் புடிக்கும்? வேற எடம் பாத்து அம்மாவ மாத்திட்டு அப்புறம் கேளுங்க. ஸ்டாஃப் யாரும் இல்லாதப்ப, கதவ சாத்திட்டு, அண்ணனையும் வெளிய நிக்கச் சொல்லிட்டு கேளுங்க. அப்பவும் வேண்டாம்னா விட்டுடுங்க.