கொல்லையில் வைத்தே ஆயில் மாற்றலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

டயர் பற்றி முன்பு எழுதியபோது, என் கார் ஆயிலை நானேதான் மாற்றுகிறேன் என்று போகிற போக்கில் ஒரு வரி சொன்னேன். வந்த கேள்விகளில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுக்க ஆயில்.

முதல் கேள்வி: கானாடுகாத்தான் வீட்டில் பெட்ரோல் கார் ஒன்று நிற்கிறது. பொங்கல், திருவிழா, கல்யாணம் என்று சென்னையிலிருந்து வரும்போதுதான் எடுப்போம். வருடத்துக்கு 1,500 கிலோமீட்டர் கூட ஓடாது. 10,000 வரும்வரை அதே ஆயில் போதும்தானே?

போதாது. காருடன் வந்த புத்தகத்தைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் "10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது" என்றுதான் இருக்கும். நம் பக்கத்து வீடுகளில் நிற்கும் கார்களுக்கு எப்போதும் வருடம்தான் முந்தும்.

ஓடாத காரில் ஆயில் எப்படிக் கெடும் என்று கேட்பீர்கள். இன்ஜின் எரிக்கிற பெட்ரோலிலிருந்து நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சமும், எரியாத பெட்ரோலில் கொஞ்சமும் பிஸ்டனைத் தாண்டி ஆயிலில் இறங்கும். நீண்ட தூரம் ஓடினால் ஆயில் நன்றாகச் சூடேறி அவை ஆவியாகிவிடும். செட்டிநாடு ரயில் நிலையம் வரை போய் யாரையாவது ஏற்றிக்கொண்டு திரும்பினால் ஆயில் சூடாகவே ஆகாது; ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் வெளுப்பாகப் பசை போல ஒட்டியிருப்பது அதுதான். மூடியில் மட்டும் என்றால் பயமில்லை. ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கிலும் பால் விட்ட காப்பி நிறம் தெரிந்தால், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலில் கலக்கிறது என்று சந்தேகப்படுங்கள். காரை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் "வாரம் ஒருதரம் இரண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வையுங்கள்" என்று சொல்லியிருப்பீர்கள். எல்லாரும் சொல்வதுதான். அதனால் ஈரம் சேருமே தவிர வேறு பயன் இல்லை. அதற்குப் பதில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, ஆயில் நன்றாகச் சூடேறும்படி பிள்ளையார்பட்டி வரை ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.

நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில்தான் நல்லது என்கிறார் கடைக்காரர். புத்தகத்திலோ மெல்லிய 0டபிள்யூ-20 என்று இருக்கிறது. (காரைக்குடி)

புத்தகத்தைக் கேளுங்கள். வெளியே 30 டிகிரியோ 40 டிகிரியோ, ஓடுகிற இன்ஜினைத் தெர்மோஸ்டாட் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் வைத்திருக்கும். கெட்டி ஆயில் தேவைப்பட்டது பழைய அம்பாசிடர் காலத்து இன்ஜின்களுக்கு. இன்றைய இன்ஜின்களின் ஆயில் வழிகள் குறுகியவை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மெல்லிய ஆயில்தான் சட்டென்று மேலே ஏறும்.

பிஎஸ்6 டீசல் கார் என்றால் டப்பாவில் இந்த எண்களை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அதில் பெரும்பாலும் புகை வடிகட்டி இருக்கும், அதற்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். புத்தகத்தில் சி2, சி3 என்று ஏதாவது குறித்திருந்தால் டப்பாவிலும் அதே குறி இருக்கிறதா என்று பாருங்கள். மிஞ்சிய கார் ஆயிலைப் பைக்கில் ஊற்றலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வேண்டாம், பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் ஊறுகிறது, வழுக்க ஆரம்பித்துவிடும்.

கொல்லைப்புறம் செம்மண் தரை. ஜாக்கி போட்டு நானே மாற்றிவிடலாமா? (பள்ளத்தூர்)

மாற்றலாம். ஆனால் இந்த வேலையில் நான் பயப்படுகிற ஒரே இடம் இதுதான். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் தலையை விடாதீர்கள். செம்மண் காய்ந்திருக்கும்போது கல் மாதிரி இருக்கும், முந்தின நாள் மழை பெய்திருந்தால் ஜாக்கி சத்தமில்லாமல் இறங்கும். ஜாக்கிக்கும், தூக்கிய காரைத் தாங்க வைக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் இரண்டங்குலக் கனத்தில் அகலமான பலகை போடுங்கள். ஹேண்ட் பிரேக், முதல் கியர், பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கருங்கல். ஸ்டாண்டில் இறக்கிய பிறகு காரைத் தோளால் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். ஆடினால் திரும்ப முதலிலிருந்து.

அப்புறம் வேலை எளிது. தூக்குவதற்கு முன்பே இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்திவிடுங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கொதிக்கக் கூடாது. மேல் மூடியைத் திறந்துவிட்டு, ஆயில் தேங்கும் சேம்பர் அடியில், ஆயிலை வடியவிடுவதற்காக இருக்கும் ட்ரெயின் போல்ட்டை அளவான ரிங் ஸ்பேனரால் கழற்றுங்கள். கையுறை அவசியம், பழைய ஆயில் தோலுக்குக் கெடுதல். கால் மணி நேரம் சொட்டட்டும். புது வாஷர் போட்டு, போல்ட்டை முதலில் விரலாலேயே திருகுங்கள். விரலுக்கு ஏறாத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றினால் மரை போய்விடும். அலுமினிய சேம்பர் என்றால் செலவு ஆயிரங்களில்.

ஃபில்டர் மாற்றிய மறுநாள் காருக்கு அடியில் ஆயில் குளம். ஃபில்டர் போலியா? (தேவகோட்டை)

இருக்கலாம். ஆனால் முதலில் பழைய ஃபில்டரைக் குப்பையிலிருந்து எடுத்து அதன் ரப்பர் ரிங் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் புது ரிங் உட்கார்ந்தால் கசியாமல் என்ன செய்யும்? எனக்கும் இது ஒருமுறை நடந்தது. ஊற்றிய புது ஆயிலில் பாதி குன்றக்குடி போகிற வழியில் ரோட்டுக்குப் போனது. சிவப்பு ஆயில் விளக்கு எரிந்ததும் நிறுத்தியதால் இன்ஜின் பிழைத்தது.

புது ரிங்கில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, ரிங் தொட்டதும் கையாலேயே முக்கால் சுற்று. ஸ்பேனர் வேண்டாம்.

புத்தகம் சொல்லும் அளவைவிடக் கொஞ்சம் குறைவாகவே ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். இன்ஜினை நிறுத்தி, காரைச் சமதரையில் இறக்கி, ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டவே கூடாது. கூடுதலான ஆயிலை, இன்ஜின் அடியில் சுழலும் கிராங்க் தண்டு அடித்து நுரையாக்கிவிடும், நுரையால் இன்ஜினுக்கு மசகு கிடைக்காது.

ஆச்சி ஒருவர் கேட்கிறார்: மகன் முகப்பில் காரை நிறுத்தி ஆயில் மாற்றி, ஆத்தங்குடிக் கல்லில் கறை. எப்படிப் போக்குவது?

ஆச்சி, அது சிமெண்ட் கல், எண்ணெயைக் குடித்துவிடும். உடனே என்றால் மரத்தூளோ கோலமாவோ தூவி இழுக்கவிட்டு, சோப்புத் தண்ணீரால் துடைக்கலாம். ஆசிட் மட்டும் வேண்டாம், கல்லின் வண்ணமே போய்விடும். பழைய கறை மங்கும், முழுதாகப் போகாது. மகனை அடுத்த முறை கொல்லைக்கு அனுப்புங்கள்.

டீசல் கார். மாற்றி 200 கிலோமீட்டரில் ஆயில் கறுத்துவிட்டது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. டீசல் கரியை ஆயில் தன்னோடு பிடித்துக்கொள்கிறது, அதுதான் அதன் வேலை.

கழற்றிய ஆயிலைக் கரையானுக்காகத் தொழுவத்து மரத்தில் பூசலாமா? (பொன்னமராவதி)

எங்கள் தாத்தாவும் பூசினார். ஆனால் மாடு நக்குகிற மரம் அது, அந்த ஆயிலில் உலோகத் தூளும் புற்றுநோய் தரும் பொருள்களும் உண்டு. மழை பெய்தால் வழிந்து மண்ணில் இறங்கும். நம் ஊர்களில் தெருத் தண்ணீர் கடைசியில் எங்கே போகும்? ஊரணிக்கு. வரத்துக்கால் அதற்காகத்தான் வெட்டியிருக்கிறார்கள். ஒரு காரின் ஆயில் தண்ணீர்மேல் எவ்வளவு தூரம் படரும் என்பது, மழை நாளில் ரோட்டில் ஒரு சொட்டு ஆயிலின் வானவில் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பழைய ஆயிலைப் புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி மூடுங்கள். ஃபில்டரையும் ஓரிரவு கவிழ்த்து வடியவிடுங்கள். 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி பழைய ஆயில் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும். நீங்கள் அவர்களைத் தேடி அலைய வேண்டாம். பெரிய சர்வீஸ் சென்டர்கள் பேரலில் சேர்த்துக் கொடுக்கிறார்கள், அங்கே கேட்டுக் கொடுத்துவிடுங்கள். கொடுத்த பிறகு காலி டப்பாவைக் கத்தியால் கிழித்துப் போடுங்கள். முழு டப்பாவாகப் போட்டால் அதில் போலி ஆயில் நிரம்பி, மறுபடி உங்கள் கைக்கே வரும்.