பொருளியலோடு எந்தக் கணிதத் தாள்?

கேள்வி: மாநிலப் பாடத்திட்டத்தில், தமிழ்வழியில், கணிதமும் அறிவியலும் எடுத்துப் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தேன். வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொருளியல் இளங்கலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. முதல் ஆண்டில் நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவும் புள்ளியியலும், வகைக்கெழுச் சமன்பாடுகள், மெய்யெண் பகுப்பாய்வு ஆகிய ஐந்து தாள்களில் இரண்டைக் கணிதத் துறையில் தேர்ந்தெடுத்துப் படிக்கலாம் என்கிறார்கள். மதிப்பெண் எளிதாக வரும் தாளை எடு என்கிறார் மாமா மகன். புள்ளியியல் படித்தால்தான் வேலை கிடைக்கும் என்கிறார் அப்பா. முதுகலை படித்து, முடிந்தால் ஆய்வும் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. எதை எடுப்பது?
- ஒரு மாணவி, தக்கலை

பதில்: நேரியல் இயற்கணிதத்தை முதலில் எடுங்கள், இரண்டாவதாக மெய்யெண் பகுப்பாய்வை எடுங்கள். எந்தத் தாளைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. இதைப் பொருளியல் துறையே எப்படியும் கற்பித்துவிடுமா? கற்பிக்காவிட்டால், பின்னாளில் நானே புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்துவிட முடியுமா? இரண்டுக்கும் 'இல்லை' என்று விடை வரும் தாள்களுக்கே உங்கள் இரு வாய்ப்புகளையும் செலவிட வேண்டும்.

நுண்கணிதம் இல்லாமல் பொருளியல் இல்லை என்பது உண்மைதான். மழையில் வரத்துக் குறைந்து தோவாளைப் பூச்சந்தையில் பிச்சியின் விலை ஏறும்போது, வாங்குவோர் எவ்வளவு குறைத்துக்கொள்கிறார்கள் என்பதைச் சொல்லும் தேவை நெகிழ்ச்சிக்கு அடிப்படையே வகைக்கெழுதான். ஆனால் பகுதி வகைக்கெழு வரை உங்கள் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது. கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுப் பெருமம் காணும் லக்ராஞ்சி முறையை நுண்பொருளியல் ஆசிரியர் எப்படியும் கரும்பலகையில் போட்டுக் காட்டுவார். மற்றத் தாள்களில் சேர நுண்கணிதம் முன்தேவை என்று விதி இருந்தால் மட்டும் அதை எடுங்கள்.

நேரியல் இயற்கணிதத்தின் கதை வேறு. நம் குமரி மாவட்டத்துத் தென்னந்தோப்பையும் கயிறு தரும் தும்பு ஆலையையும் லாரித் தொழிலையும் எண்ணிப் பாருங்கள். ஆலைக்குத் தேங்காய் மட்டை வேண்டும், மட்டையைக் கொண்டுவர லாரி வேண்டும், லாரியில் சுமையைக் கட்டக் கயிறு வேண்டும், தோப்புக்கும் கயிறும் லாரியும் வேண்டும். இப்படி ஒவ்வொரு தொழிலும் மற்றதன் விளைபொருளைத் தின்று வளரும்போது, வெளிச்சந்தைக்கு நூறு கட்டுக் கயிறு கூடுதலாக அனுப்ப வேண்டுமானால் ஒவ்வொரு தொழிலும் மொத்தம் எவ்வளவு உற்பத்தி செய்ய வேண்டும் என்ற கேள்வி, ஓர் அணியின் நேர்மாறைக் காணும் கணக்காக மாறுகிறது. இந்த உள்ளீடு-வெளியீட்டு முறையை வகுத்த லியோன்டீஃபுக்கு 1973-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. மூன்று வரிசை அணிக்கு நேர்மாறு காண நீங்கள் பள்ளியிலேயே பழகியிருப்பீர்கள். ஆனால் நேர்மாறு எப்போது இருக்கும், ஏன் இருக்கும் என்பதைச் சொல்லும் வெக்டர் வெளி, பரிமாணம், ஐகன் மதிப்பு ஆகியவை பள்ளிப் பாடத்தில் இல்லை.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரியது. வெக்டர் பாடத்தில் ஒரு புள்ளியிலிருந்து தளத்துக்குச் செங்குத்துத் தூரம் கண்டீர்கள் அல்லவா? தரவுகளைக் கொண்டு பொருளாதார உறவுகளை அளக்கும் பொருளாதார அளவையியலின் முதுகெலும்பு, பிழைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையை மிகச் சிறிதாக்கும் மீச்சிறு வர்க்க முறை. அது பல பரிமாணங்களில் அதே செங்குத்தை இறக்குவதுதான். இந்தப் படம் மனத்தில் பதியாமல் அளவையியல் வகுப்பில் உட்காருபவர்கள் சூத்திரங்களை மனப்பாடம் செய்கிறார்கள். அது அவர்கள் குற்றமில்லை, அடித்தளம் போடாமல் மாடி கட்டச் சொன்னவர்களின் குற்றம்.

மெய்யெண் பகுப்பாய்வில் முதல் சில வாரங்கள் கடினமாகத்தான் இருக்கும். அதுவரை கணக்குக்கு விடை கண்டுபிடித்தவர்களிடம், இனி நிறுவு என்பார்கள். மதிப்பெண் சற்று இறங்கவும் கூடும். மாமா மகன் சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. ஆனாலும் நிறுவக் கற்பது, பிழையைத் திருத்திச் சொல்ல ஓர் ஆசிரியர் இல்லாமல் தனியே கைவருவது அரிது. ஆட்டக் கோட்பாட்டில், எவரும் தம் முடிவைத் தனியே மாற்றி ஆதாயம் பெற முடியாத ஒரு சமநிலை உண்டு என்று 1950-இல் நாஷ் நிறுவியது ஒரு நிலைப்புள்ளித் தேற்றத்தைக் கொண்டுதான்; முதுகலையில் அத்தகைய நிறுவல்களை வாசிக்க வேண்டிவரும். ஆய்வு வேண்டாம், இளங்கலை முடித்ததும் வேலைக்குப் போக வேண்டும் என்று நினைத்திருந்தால் இந்தத் தாளை நான் சொல்லியிருக்க மாட்டேன்.

அப்பா புள்ளியியலைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் பெரும்பாலும் பொருளியல் துறையே அதைக் கட்டாயத் தாளாக வைத்திருக்கும். பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி, கூட்டுப் பரவலும் நிபந்தனை எதிர்பார்ப்பும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், பகுப்பாய்வை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ள முடியுமா என்று விசாரித்து, நிகழ்தகவுத் தாளை இப்போது எடுங்கள். வகைக்கெழுச் சமன்பாடுகளுக்குப் பள்ளியில் படித்ததே தொடக்கத்துக்குப் போதும். ஒரு நாட்டின் பொருளாதாரம் காலப்போக்கில் எப்படி வளர்கிறது என்பதை விளக்கும் சோலோவின் 1956-ஆம் ஆண்டு வளர்ச்சி மாதிரியை அதைக்கொண்டே புரிந்துகொள்ளலாம்.

தமிழ்வழியில் படித்ததை நினைத்து அஞ்ச வேண்டாம். பள்ளிப் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் கலைச்சொற் பட்டியலைக் கிழித்தாவது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: உள்ளூர்க் கல்லூரியில் பொருளியல் முதலாண்டு படிக்கிறேன். எங்களுக்குத் துணைப்பாடமாகப் புள்ளியியல் மட்டுமே உண்டு. முதுகலை நுழைவுத் தேர்வுக்குக் கணிதத்தை எப்படிப் படிப்பது?
- ஒரு மாணவர், கருங்கல்

பதில்: முதுகலைச் சேர்க்கைக்கு ஐஐடிகள் நடத்தும் ஜாம் தேர்வில் 2021 முதல் பொருளியல் தாள் இருக்கிறது, அதில் கணிதமும் புள்ளியியலும் தனிப் பகுதிகளாக வருகின்றன. அந்தப் பாடத்திட்டத்தையே அட்டவணையாகக் கொள்ளுங்கள். மாநிலப் பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் அணிகள், வகை நுண்கணிதம், பகுதி வகைக்கெழு ஆகிய பாடங்களின் பயிற்சிக் கணக்குகளை ஒன்று விடாமல் போட்டு முடித்த பிறகு, என்பிடெல் என்னும் இணையவழிக் கல்வித் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் நேரியல் இயற்கணித வகுப்புகளைத் தொடங்குங்கள். உங்கள் கல்லூரிக் கணிதத் துறை ஆசிரியர் ஒருவரிடம், முதலாண்டு கணித வகுப்பில் பின்வரிசையில் உட்கார அனுமதி கேட்டுப் பாருங்கள்.