தோலைத் துளைக்காமல் நரம்பில் ஓடும் சிக்னலைக் கண்டுபிடிக்க முடியுமா? நரம்பில் சிக்னல் ஓடும் வேகத்தை அளக்கும் என்.சி.எஸ். (நெர்வ் கண்டக்‌ஷன் ஸ்டடி) டெஸ்டில் ஊசி போடுவார்களா?

முடியும். என்.சி.எஸ்.ஸில் ஊசி கிடையாது. ஊசி போடுவது ஈ.எம்.ஜி.; அது தசையைப் பார்க்கும் வேறு டெஸ்ட். பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் இந்தப் பரிசோதனை அறையில்தான் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வருகிறவர்களும் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

நரம்பில் தானாக ஓடும் சிக்னலைத் தோலின் மேலிருந்து பிரித்தெடுப்பது கடினம். நரம்புக்குள் இருக்கும் ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு நேரத்தில் துடிக்கும். அதனால் மணிக்கட்டில் ஒரு சின்ன ஷாக் கொடுத்து, எல்லா இழைகளையும் ஒரே நேரத்தில் துடிக்க வைக்கிறோம். கட்டைவிரலின் அடித்தசை அதற்குத் துள்ளுவதை, மேலே ஒட்டிய எலெக்ட்ரோடு பதிவு செய்யும். அப்புறம் முழங்கையில் ஒரு ஷாக். இரண்டு இடத்துக்கும் நடுவே 22 செ.மீ., நேர வித்தியாசம் 4 மில்லி செகண்ட் என்றால் வேகம் விநாடிக்கு 55 மீட்டர். கையில் 50க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்லது.

உணர்ச்சி நரம்பில் கிடைக்கும் சிக்னல் மைக்ரோவோல்ட் (வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவில்தான் இருக்கும். 1949இலேயே டாசன், ஸ்காட் என்ற ஆராய்ச்சியாளர்கள் அதை மனிதத் தோலின் மேலிருந்து பதிவு செய்துவிட்டார்கள். பலமுறை தூண்டி, பதிவுகளைச் சராசரி எடுத்தால் இரைச்சல் அடங்கி, அதே நேரத்தில் திரும்பத் திரும்ப வரும் சிக்னல் மட்டும் தெளிவாகத் தெரியும்.

பெங்களூர் டிசம்பர் காலையில் கை சில்லென்று இருக்கும். தோலின் சூடு ஒரு டிகிரி குறைந்தால் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் குறையும். நல்ல நரம்பே நோயுள்ளதுபோல் தெரியும். கையைச் சூடாக்காமல் டெஸ்டை ஆரம்பிக்கவே கூடாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். இந்த டெஸ்ட் பார்ப்பது பருமனான, வேகமான இழைகளை மட்டுமே. எரிச்சலையும் சூட்டையும் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் இதில் தெரியாது. சர்க்கரை நோயில் பலருக்கு முதலில் கெடுவது அவைதான். பாதம் எரிந்து ராத்திரி முழுக்கத் தூங்காதவர் 'நார்மல்' ரிப்போர்ட்டோடு வீட்டுக்குப் போனால், "உனக்கு ஒண்ணுமில்லை, எல்லாம் மனசுதான்" என்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அந்த எரிச்சல் உண்மை. மெல்லிய இழைகளைப் பார்க்க, தோலில் சிறு துண்டு எடுத்துச் செய்யும் பரிசோதனை உண்டு, டாக்டரிடம் கேளுங்கள்.

வலி என்றால், ரப்பர் பேண்டால் சுண்டின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். வரும் அன்று கை கால்களில் எண்ணெய், கிரீம் தடவ வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்திருந்தால் ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.