ஊறுகாய் போத்தலுக்கு எந்த ரிப்பன்?

"தேக்காவில் கடை வைத்திருக்கிறோம். மசாலாத் தூளும் ஊறுகாயும் நாங்களே அடைத்து விற்கிறோம். லேபிள் பிரிண்டருக்கு வாக்ஸ், வாக்ஸ் ரெசின், ரெசின் என்று மூன்று விதமான ரிப்பன் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரிப்பனைத் தொடுவதற்கு முன் உங்களிடம் இருக்கும் லேபிளின் ஓரத்தைப் பிடித்துக் கிழித்துப் பாருங்கள். சட்டென்று கிழிந்தால் காகிதம். இழுபட்டு நீண்டாலோ, கிழியவே மறுத்தாலோ பிளாஸ்டிக் வகை. ரிப்பன் என்பது மெல்லிய பாலியெஸ்டர் படலத்தில் பூசிய மை. பிரிண்டர் தலையின் சூட்டில் அந்த மை உருகி லேபிளில் ஒட்டுகிறது. எதன்மேல் ஒட்டப்போகிறது, ஒட்டியபின் அதன்மேல் என்ன படப்போகிறது, இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் ரிப்பன் எது என்பது தெரிந்துவிடும்.

வாக்ஸ் மெழுகுதான். குறைந்த சூட்டில் உருகும், காகிதத்தில் நன்றாகப் பிடிக்கும், வேகமாக அடிக்கலாம், விலையும் குறைவு. ஆனால் நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். ரெசின் என்பது பிசின் வகை மை, பிளாஸ்டிக் லேபிளுக்கென்றே உள்ளது. அதிகச் சூடும் மெதுவான ஓட்டமும் கேட்கும், ஆனால் ஒட்டியபின் எளிதில் விடாது. வாக்ஸ் ரெசின் இரண்டுக்கும் நடுவில்.

நான் துவாஸில் ஒரு ரசாயனக் கிடங்கில் லேபிள் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். சேர்ந்த புதிதில், ரெசின் தீர்ந்துபோன ஒரு நாள், கையில் இருந்த வாக்ஸ் ரோலை மாட்டி பாலியெஸ்டர் என்ற பிளாஸ்டிக் லேபிளில் அடித்துவிட்டோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. டிரம்மில் வழிந்திருந்த கரைப்பானை ஒரு தம்பி துணியால் துடைத்தார். துடைத்த இடத்தில் ரசாயனத்தின் பெயரும் அபாயக் குறியும் துணியோடு வந்துவிட்டன. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு டிரம்மை லோரியில் ஏற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று அடித்த அத்தனை லேபிளையும் உரித்து, ரெசின் வந்தபின் திரும்ப அடித்தோம். ரிப்பன் விஷயத்தில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்கு அந்தத் துணிதான் காரணம்.

உங்கள் கடைக்கு வருவோம். வெளிப்பெட்டியில் ஒட்டும் காகித லேபிளுக்கு வாக்ஸ் தாராளமாகப் போதும். மசாலாப் பொட்டலம் பல கைகள் மாறும், ஒன்றோடொன்று உரசும். அதற்கு வாக்ஸ் ரெசின். ஊறுகாய்க்கு மட்டும் பணம் பார்க்காதீர்கள். எண்ணெய் கழுத்து வழியாக இறங்கியே தீரும், காகிதமும் அதைக் குடித்துக் கறுத்துவிடும். பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் லேபிளும் ரெசினும் வாங்குங்கள். ரிப்பனே வேண்டாத நேரடி வெப்ப லேபிள் என்று யாராவது சொன்னால், ஊறுகாய்க்கு வேண்டாம். எண்ணெயும் சூடும் பட்டால் அதில் எழுத்து மங்கும்.

மொத்தமாக வாங்குமுன் மாதிரி கேளுங்கள். ஒரு லேபிள் அடித்துப் போத்தலில் ஒட்டி, நல்லெண்ணெய் தடவி ஒரு ராத்திரி வைத்துவிட்டு, காலையில் துணியால் அழுத்தித் துடையுங்கள். பிறகு காசால் சுரண்டுங்கள். பார்கோடு அதற்குப் பின்னும் ஸ்கேன் ஆனால் அதுதான் உங்கள் ரிப்பன். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ஈரப் போத்தலில் லேபிளே கழன்று விழுந்தால் ரிப்பனை நோகாதீர்கள். அது பசையின் குறை. போத்தலைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

ரெசின் மாட்டி எழுத்து வெளிறினால் உடனே ரிப்பனைத் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம். முதலில் வேகத்தைக் குறையுங்கள், பிறகு சூட்டை ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் ரிப்பன் சுருங்கும், அறுந்தும் போகும், பிரிண்டர் தலையின் ஆயுளும் குறையும். ரிப்பன் லேபிளைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும். குறுகலாக இருந்தால் லேபிளின் ஓரம் பிரிண்டர் தலையில் நேரே உரசித் தேய்க்கும்.

மை எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். சில பிரிண்டருக்கு வெளிப்பக்கம், சிலவற்றுக்கு உள்பக்கம். ரோலின் வெளிப்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி உரித்துப் பாருங்கள், கறுப்பு ஒட்டிவந்தால் மை வெளியே. மேசைமேல் வைக்கும் சின்ன பிரிண்டர் பலவற்றுக்கு அரை அங்குல உருளையில் சுற்றிய 74 மீட்டர் ரோல்தான் பொருந்தும். ஒரு அங்குல உருளையில் வரும் 300, 450 மீட்டர் ரோல்கள் பெரிய பிரிண்டர்களுக்கு. விலை மலிவென்று அதை வாங்கினால் மாட்ட முடியாது.

சேர்மானப் பட்டியலை மிகப் பொடியாக அடிக்காதீர்கள். டிபிஐ என்பது ஒரு அங்குலத்தில் எத்தனை புள்ளி என்ற கணக்கு. 203 டிபிஐ பிரிண்டரில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிதான். 1.5 மில்லிமீட்டர் உயர எழுத்துக்கு 12 புள்ளிதான் கிடைக்கும். தமிழ் எழுத்தின் வளைவுகள் அதில் அடைந்துவிடும். தமிழிலும் அச்சிடுவதாக இருந்தால் 300 டிபிஐ பிரிண்டர் பாருங்கள். ஏற்கெனவே 203 வாங்கியிருந்தால் தமிழ் எழுத்தை மட்டும் ஒரு சுற்றுப் பெரிதாக்குங்கள்.